பாதிச் சட்டம்

ட்ருகனினா, மெல்பேர்ண்
9 பெப்ரவரி 2025

விமலாவுக்கு,

நான் சுகம். முதுகுவலி மட்டும் காலையில் என்னோடு வேலைக்கு வந்து, மாலையில் என்னோடு வீட்டுக்குத் திரும்புகிறது. உனக்குச் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது, கால் விறைப்புக் குறைந்ததா என்று எழுது.

இரண்டு வருடமாக நாங்கள் ரெலிபோனில் கதைப்பதில்லை. கடைசியாகக் கதைத்தபோது யார் முதலில் போனை வைத்தது என்பதில்கூட எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே கதைக்க முடியாது.

நேற்றுக் களஞ்சியத்தில் தேநீர் இடைவேளையின்போது கைப்பேசியைத் திறந்தேன். சமயச் சார்பற்ற சட்டத்துக்கான குடிமக்கள் அவை தனது புதிய இயக்குநரை அறிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறதாம். கீழே படம். நீலக் கோட்டும் முத்துமாலையுமாக என் சொந்தத் தங்கச்சி.

அந்த அவையின் மெல்பேர்ண் கிளையைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். அரசாங்கத்தின் பணத்தை வாங்கி நடக்கும் சமயப் பாடசாலைகள், ஒரு பிள்ளையையோ ஆசிரியரையோ அவர்களுடைய சொந்த வாழ்க்கைக்காக வெளியே அனுப்பலாம் என்று உங்கள் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் சலுகையை நீக்கும் சட்டமூலம் இந்த வருடம் சிட்னி நாடாளுமன்றத்துக்கு வருகிறது. இத்தனை வருடமும் பதாகை பிடித்தோம், மழையில் நின்றோம். இப்போது எங்களுக்காகக் கதைக்கப்போவது நீயா? பிளாக்டவுனில் கணக்காளர் அலுவலகம் நடத்திக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி வாசலில் வலதுசாரிக் கட்சியின் துண்டுப்பிரசுரம் கொடுக்கிற நீயா?

நீ கடவுளை நம்பாதவள் என்பது எனக்குத் தெரியும். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகாத ஒரே வீட்டில்தான் இருவரும் வளர்ந்தோம். ஆனால் படகில் வந்த உன் அண்ணன் தற்காலிக விசாவில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, உன் கட்சிக்காரர் மேடையில் ஏறி, படகுகளை நிறுத்துவோம் என்றார்கள். நீ அந்த மண்டபத்தில் இருந்தாய். கைதட்டினாயா?

மகள் மயூராவைக் கேட்டதாகச் சொல். பாடசாலை தொடங்கியிருக்குமே. இந்த முறையும் பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான் கணக்குப் படிப்பிக்கிறாளா?

உன் அண்ணன்,
வரதராஜா


பிளாக்டவுன், சிட்னி
23 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கால் விறைப்பு இருக்கிறது, ஆனால் நாடாளுமன்றப் படிகளில் ஏறுவதற்கு அது தடையாக இல்லை. முதுகுவலிக்கு ஒரு வைத்தியரிடம் போங்கள். தொழிற்சங்கத்திடம் சொல்லி அது மாறாது.

கைதட்டினேனா என்று கேட்டீர்கள். இல்லை. அடுத்த கட்சிக் கிளைக் கூட்டத்தில் எழும்பி, "அந்தப் படகில் வந்தவர்களில் ஒருவர் என் அண்ணன்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு நெடுநாளாக என் பக்கத்துக் கதிரையில் யாரும் இருப்பதில்லை. நான் எழும்பிப் போகவும் இல்லை, கட்சியை விடவும் இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்லவில்லை. நீங்களும் இன்றுவரை கேட்கவில்லை.

அவையின் தலைவர் பார்த்தசாரதி என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். திருச்சிக்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "விமலா மேடம், ஒளிக்காம சொல்லிடறேன்," என்றார். "இத்தனை வருஷமா நாங்க போனா அந்த ரூம்ல உட்காரக்கூடச் சொல்றதில்ல. இந்த மசோதாவுக்கு வேண்டிய ஓட்டு பூரா அந்தப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் போய்ப் பேசினாத்தான் நடக்கும்."

"நான் உங்கட பக்கத்து ஆள் இல்லை எண்டு தெரிஞ்சுதானே கேக்கிறீங்கள்?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப பிறகு முறைப்பாடு செய்யக்கூடாது."

சிரித்துக்கொண்டே கை குலுக்கினார்.

அண்ணா, அரசாங்கம் என் அலுவலகத்துக்குள்ளும் குசினிக்குள்ளும் மூக்கை நுழைக்கக்கூடாது என்றுதான் நான் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். என் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு பாடசாலை அதே வேலையைச் செய்தால், அதற்கு மட்டும் நான் ஏன் வாய்மூடி இருக்கவேண்டும்? நீங்கள் இடப்பக்கத்தால் வந்து சேர்ந்த இடத்துக்கு நான் வலப்பக்கத்தால் வந்திருக்கிறேன். வந்த வழி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நான் திரும்பிப் போகமாட்டேன்.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு வருடா வருடம் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற சிநேகிதி இந்த முறை கூப்பிடவில்லை. நான் அங்கே போவதே பிரசாதத்துக்கும் கதைக்கும்தான் என்பது அவவுக்கு முன்பே தெரியும். "கும்பிடாமல் விட்டால் விடு விமலா, அதைச் சம்பளத்துக்குச் செய்யவேணுமே?" என்று கேட்டா.

மயூரா சுகம்.

அன்புடன்,
விமலாதேவி


ட்ருகனினா
16 மார்ச் 2025

விமலாவுக்கு,

நலம். வைத்தியரிடம் போனேன். பாரம் தூக்கவேண்டாம் என்றார். களஞ்சியத்தில் வேலை செய்கிறவனுக்கு இதைச் சொல்லவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. நீ காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் பூசு.

கிளைக் கூட்டத்தில் நீ எழும்பிச் சொன்னதைப் படித்தேன். அதற்கு நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன். ஆனால் சொன்ன பிறகும் அதே கட்சியில் இருந்தாயே, அது எனக்கு விளங்கவில்லை. பேரம் பேசத் தெரிந்தவள் நீ. பேரம் என்றால் எதையாவது விட்டுக்கொடுப்பதுதான். யாருடைய எதை நீ விட்டுக்கொடுக்கப்போகிறாய் என்பதுதான் என் பயம்.

ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் மெல்பேர்ணில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் உன் நியமனத்தை ரத்துச் செய்யும்படி நான் தீர்மானம் கொண்டுவருகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது.

இன்னொன்று. "மயூரா சுகம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். முன்பெல்லாம் ரெலிபோனில் அவளுடைய வகுப்புக் கதையே அரை மணி நேரம் ஓடும். அவளுக்கும் என்மேல் கோபமா?

வரதராஜா


பிளாக்டவுன்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெல்பேர்ண் குளிர் உங்களை மெலிய வைத்திருக்கிறது. மேடையில் இருந்து பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுங்கள். நான் சுகமாகத் திரும்பிவிட்டேன்.

உங்கள் தீர்மானம் தோற்றது. சபையில் நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தச் சட்டத்தால் இந்த அம்மாவுக்கு என்ன நட்டம் வந்திருக்கிறது? இவர் எதை இழந்தவர்?" என்று கேட்டீர்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் அல்ல.

அதை விடுங்கள். வேலை நடக்கிறது. மாநிலத்தின் மேற்குப் பக்கத்து உறுப்பினர் ஹாலோரன் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் கட்சி, எழுபது வயது தாண்டியவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். நாடாளுமன்ற அறையில் எனக்கு நேரம் தரவில்லை. அதனால் நானே காரை எடுத்துக்கொண்டு அவருடைய பண்ணைக்குப் போனேன். வேலி திருத்திக்கொண்டிருந்தார்.

"நீ கடவுளை நம்புகிறாயா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லை."

"நல்லது. அப்படியென்றால் என்னை மதம் மாற்ற வரவில்லை. கம்பியைப் பிடி."

கம்பியைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே கேட்டேன்: "உங்கள் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவனை எதை வைத்து வேலைக்கு எடுப்பீர்கள்?"

"எப்படிக் கத்தரிக்கிறான் என்பதை வைத்து."

"அவன் வீட்டில் யாரோடு இருக்கிறான் என்று கேட்பீர்களா?"

"எனக்கு எதற்கு அது?"

"பாடசாலைக்கு எதற்கு அது?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாடசாலை ஆட்டுப்பண்ணை இல்லை என்றார். பிறகு தேநீர் தந்தார். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் திரும்ப வரச் சொன்னார். நீங்கள் பதாகை பிடித்துப் பத்து வருடமாகியும் அந்தத் தேநீர் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அண்ணா. இதை வீம்புக்காகத்தான் எழுதுகிறேன்.

மயூராவுக்கு உங்கள்மேல் கோபமில்லை.

அன்புடன்,
விமலாதேவி


ட்ருகனினா
25 மே 2025

அன்புள்ள விமலாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்த முறை இதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. திறந்தால் மயூரா நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு பெண். உன் மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "மாமா, இது ஹரிப்பிரியா. நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டாத்தான் இருக்கிறம். வீட்டுக்குள்ள வரலாமோ, இல்லாட்டி இப்பிடியே போட்டு வாறமோ?" என்றாள். அந்தக் குரல் அப்படியே உன் குரல்.

கையில் தேநீர்க் கோப்பையோடு நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அங்கிள், முதல்ல கப்பைக் கீழே வெச்சிருங்க, கையில ஊத்திக்கப் போறீங்க," என்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினித் துறையில் வேலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

சோறு காய்ச்சினோம். மயூரா கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போன வருடம் பாடசாலை விருந்துக்கு ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் துணையோடு வந்தபோது, அவளும் ஹரிப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு போனாளாம். அடுத்த வாரம் பாடசாலை அதிபர் கூப்பிட்டாராம். "உன்ர படிப்பிப்பில ஒரு குறையும் இல்லை, ஆனா எங்கட சமய நம்பிக்கைக்கு உன்ர வாழ்க்கை பொருந்தாது" என்றாராம். வருட முடிவோடு வேலை போய்விட்டது. வழக்கறிஞரிடம் போனபோது, சட்டப்படி அவர்கள் செய்தது சரி என்று சொல்லிவிட்டாராம். இப்போது அரசுப் பாடசாலையில் தற்காலிகமாக, ஆளில்லாத நாளில் போய் நிற்கிறாளாம்.

"அம்மா இதைச் சபையில சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் அவ்வளவு பேருக்கு முன்னால கேட்டனானே," என்றேன்.

"சொல்லமாட்டா மாமா. நான் சொல்லவேண்டாம் எண்டு கேக்கவுமில்லை. அவவே முடிவெடுத்திட்டா. உன்ர படத்தைக் காட்டி நான் வோட்டுக் கேக்கமாட்டன் எண்டு சொன்னவ."

"அப்ப நீ ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"நீங்கள் அவவைப் பிழையா விளங்கிக்கொண்டு கத்துறது எனக்குப் பொறுக்கேல்லை."

விமலா, எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்று நினைத்தாயா? உன் கட்சியைப் பற்றிய என் கருத்து ஓர் அங்குலமும் மாறவில்லை. ஆனால் நீ எதை இழந்தாய் என்று கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உடனே பதில் எழுது.

அண்ணன்,
வரதராஜா


பிளாக்டவுன்
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். கார் ஓட்டி ஓட்டிக் கால் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. உங்கள் முதுகு எப்படி?

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மேசையில்தான் கிடந்தது. பல தடவை பேனையை எடுத்தேன். மயூராவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் இப்போது பதில் எழுதப்போவதில்லை. அவளுக்குச் சோறு போட்டதற்கு நன்றி. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்ததாம்.

இனிச் செய்தி. எங்கள் கட்சியில் ஒரு பகுதியினர் சட்டமூலத்துக்கு வாக்களிக்கத் தயார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளைகளை வெளியே அனுப்பக்கூடாது என்ற பகுதி இருக்கலாம். ஆசிரியர்கள் பற்றிய பகுதியை எடுத்துவிடவேண்டும்.

அவையின் நிர்வாகக் குழுவில் சந்தோசம் தாங்கவில்லை. பார்த்தசாரதி எழும்பி நின்று கைதட்டினார். நான் முடியாது என்றேன். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், பாதியாவது கிடைக்குதே. வாங்கி வெச்சுக்கிட்டு மீதியை அப்புறம் பாக்கலாம். இதுக்குத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தோம்?"

"மிச்சத்தை எப்ப பாப்பம் எண்டு சொல்லுங்கோ. ஒரு வருசத்தைச் சொல்லுங்கோ."

"அதெல்லாம் இப்பவே எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்ப மிச்சம் இல்லை. பிள்ளையளை வைச்சுக்கொண்டு ரீச்சரைத் துரத்தலாம் எண்டு நாங்களே கையெழுத்து வைச்சுக் குடுத்த மாதிரித்தான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் இதைத் திறக்கமாட்டினம். என்ர கட்சியை எனக்குத் தெரியும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கன்சர்வேட்டிவ். வளைஞ்சு குடுப்பீங்கன்னு நெனச்சோம்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. வளைகிறவள் என்றுதானா என்னைத் தேடி வந்தார்கள்? நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள், அண்ணா?

என்னை விலக்குவதற்குச் சிறப்புக் கூட்டம் கூட்டுகிறார்கள். செப்டெம்பரில், பரமட்டாவில். என்னால் குழப்பம் வருகிறதாம்.

அன்புடன்,
விமலாதேவி


ட்ருகனினா
17 ஓகஸ்ட் 2025

அன்புள்ள விமலாவுக்கு,

முதுகைப் பற்றி இன்றைக்கு எழுத நேரமில்லை. உன் வீக்கத்தை வைத்தியரிடம் காட்டு.

கூட்ட அறிவித்தல் எனக்கும் வந்தது. ஓம், நீ வளைந்துவிடுவாய் என்றுதான் நானும் நினைத்தேன். இங்கே கிளையில் உனக்கு வாக்களித்த அதே ஆட்கள் இப்போது உன்னைப் பிடிவாதக்காரி என்கிறார்கள். ஏப்ரலில் இதே வாய்கள்தான் எனக்கு யதார்த்த அரசியல் தெரியாது என்று வகுப்பெடுத்தவை. இப்போது உன்னால் நான் அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பரமட்டாவுக்கு வருகிறேன். உறுப்பினன் என்ற முறையில் எனக்கு வாக்கு உண்டு, வாயும் உண்டு. ஒன்று கேட்கிறேன். மயூராவைப் பற்றி நான் சபையில் சொல்லட்டுமா? ஒரு வசனம் போதும். இயக்குநரின் மகளே வேலையை இழந்தவள் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு உன்னை விலக்குவார்கள்? அவளிடம் கேட்டேன். "அம்மாவைக் கேளுங்கோ" என்றாள்.

அண்ணன்,
வரதராஜா


பிளாக்டவுன்
24 ஓகஸ்ட் 2025

அண்ணா,

வைத்தியர் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை.

சொல்லக்கூடாது.

சொன்னால் எல்லோரும் அழுவார்கள், என்னை வைத்துக்கொள்வார்கள், பிறகு அது என் வீட்டுக் கதையாகிவிடும். விமலாவின் மகளுக்காக விமலா பிடிவாதம் பிடித்தாள் என்பார்கள். எங்கள் கட்சிக்காரரோ, தன் வீட்டில் நடந்த பிறகுதான் இவளுக்குக் கண் திறந்தது என்பார்கள். தாயோ மாமனோ சபையில் இல்லாத ஒரு ரீச்சர் நாளைக்கு வந்து நின்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? சட்டம் அவளுக்காகவும்தான்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொல்லியிருந்தால் உடனே என் பக்கம் வந்திருப்பீர்கள். என் மகளுக்காக இரங்கி வருகிற அண்ணன் எனக்கு வேண்டாமாயிருந்தது. நான் சொல்வது சரி என்று வருகிற அண்ணன்தான் வேண்டும்.

வருவதென்றால் அப்படி வாருங்கள். இல்லாவிட்டால் வரவேண்டாம்.

விமலாதேவி


ட்ருகனினா
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள விமலாவுக்கு,

இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து வந்ததில் முதுகு மடங்க மறுக்கிறது. ஆனாலும் மனம் சுகமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வாக்கெடுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது உன் கார் போய்விட்டிருந்தது. அதனால் விதிப்படி உன்னை வெளியே அனுப்பிய பிறகு உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தேநீர் தந்தார்கள். பார்த்தசாரதி பிஸ்கட் தட்டோடு என்னிடம் வந்தார்.

"வரதராஜா சார், ஏப்ரல்ல அவங்களை எடுக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்ததே நீங்கதானே?"

"ஓம், நான்தான்."

"இப்ப அவங்களுக்காகப் பேச வந்திருக்கீங்க?"

"அப்ப அவள் விட்டுக்குடுத்திடுவாள் எண்டு பயந்தனான். இப்ப விட்டுக்குடுக்கிறது நீங்கள்."

தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு சார். சாகறதுக்குள்ள ஒண்ணையாவது ஜெயிச்சுப் பாக்கணும்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூட்டம் தொடங்கிய பிறகுதான் வந்தது.

ஒவ்வொருவராக எழும்பி உன்னை மரியாதையோடு வெட்டினார்கள். பிறகு நான் எழும்பினேன். என் ஆங்கிலம் களஞ்சியத்து ஆங்கிலம், அதைத்தான் பேசினேன். "நாம் அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தது அவர் கட்சியின் கதவைத் திறப்பதற்கு. அவர் திறந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தருகிறதை வாங்காதீர்கள், ஏமாற்றுகிறார்கள் என்கிறார். அந்த வீட்டுக்காரியே சொல்கிறார். வெளியே நிற்கிற நீங்கள் வாங்குவோம் என்கிறீர்கள். அவர் கட்சியை எனக்குப் பிடிக்காது. என்னைப் பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக மனிதனாக வைத்திருந்த கட்சி அது. ஆனால் இந்த அறையில் அவருடைய முதுகெலும்புதான் நேராக இருக்கிறது" என்றேன்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: "ஆசிரியர்கள், ஆசிரியர்கள் என்கிறீர்களே, அப்படி வேலை இழந்த ஒருவரையாவது இங்கே காட்ட முடியுமா?"

விமலா, வாய் வரைக்கும் வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "காட்டமாட்டேன்," என்றேன். "காட்டினால்தான் நியாயம் என்றால் உங்களுக்கு நியாயம் விளங்கவில்லை." உரத்துத்தான் சொன்னேன். கோபத்தில் என்று நினைத்திருப்பார்கள்.

சொற்ப வாக்குகளில் தோற்றோம். உன்னை விலக்கிவிட்டார்கள்.

என் நண்பர்கள் சிலர் அவையை விட்டு வெளியேறப்போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கே நிற்கிறேன். நீ ஏன் உன் கட்சியை விட்டுப் போகவில்லை என்று கேட்டேனே, அந்தக் கேள்வியையும் இத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இரங்கி எழுதவில்லை. நீ சொன்னது சரி.

அண்ணன்,
வரதராஜா


பிளாக்டவுன்
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்று எழுதியிருப்பதைக் கவனிப்பீர்கள். மயூராவும் ஹரிப்பிரியாவும் இந்த வாரம் என்னோடுதான் இருக்கிறார்கள். நீங்கள் முதுகுக்குப் பயிற்சி செய்கிறீர்களா? ஹரிப்பிரியா உங்களுக்கு ஏதோ காணொளி அனுப்பியிருக்கிறாளாம். பாருங்கள்.

பாதிச் சட்டம் வந்துவிட்டது. பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், பார்த்தசாரதி பூச்செண்டோடு நிற்கும் படம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, ஆசிரியர்களுக்கு இல்லை. ஆனால் பத்திரிகையில் வராத ஒன்று நடந்தது.

வாக்கெடுப்பு அன்று நான் பார்வையாளர் மாடத்தில் போய் இருந்தேன். பதவியும் இல்லை, அழைப்பும் இல்லை. பொதுசனத்துக்கு உள்ள உரிமையில் போனேன். மயூராவும் ஹரிப்பிரியாவும் நான் கேட்காமலே வந்து இரண்டு பக்கமும் இருந்தார்கள். சட்டமூலம் விவாதத்துக்கு எடுக்கப்பட்டதும் ஹாலோரன் எழும்பினார். பண்ணையில் கம்பி பிடித்தது முதல் மாதம் தவறாமல் நான் அவரிடம் போய்க்கொண்டிருந்தேன், அவை என்னை விலக்கிய பிறகும் போனேன். ஒரு தடவைகூட அவர் ஓம் என்று சொன்னதில்லை.

"ஆசிரியர்கள் பற்றிய பகுதியைத் திரும்பச் சேர்க்கும் திருத்தத்தை நான் முன்வைக்கிறேன்," என்றார். எங்கள் கட்சி வரிசையில் தலைகள் திரும்பின. "என் நம்பிக்கை எனக்கு உண்டு. அது ஒருவருடைய சம்பளத்தைப் பறித்துத்தான் உயிரோடு இருக்கும் என்றால் அது நம்பிக்கை இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவரை வேலையில் வைத்திருப்பது பழமைவாதம் இல்லையென்றால், நான் இத்தனை வருடமும் பிழையான கட்சியில் இருந்திருக்கிறேன்."

திருத்தம் தோற்றது. ஆனால் கட்சியில் இருந்து அவரோடு இன்னும் சிலர் திருத்தத்துக்கு வாக்களிக்க எதிர்ப்பக்கம் நடந்துபோய் நின்றார்கள். அப்படி நடக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மாடத்தை விட்டு வரும் வழியிலேயே என் கட்சிக் கிளைத் தலைவர் கைப்பேசியில் கூப்பிட்டார். ஹாலோரனைக் கெடுத்தது நான்தானாம். மரியாதையாக உறுப்புரிமையை விட்டுவிடும்படி சொன்னார். "வேணுமெண்டால் நீங்கள் விலக்குங்கோ, நானா விடமாட்டன். விலக்கிறதெண்டால் கூட்டம் கூட்டி, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லி விலக்குங்கோ" என்றேன். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கித் தமிழில் முடித்திருக்கிறேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

கீழே இறங்கும் படியில் ஹாலோரன் நின்றுகொண்டிருந்தார். களைத்துப்போயிருந்தார். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, "இது மயூரா, என் மகள். கணக்கு ஆசிரியை," என்றேன். அந்தக் கட்டடத்தில் நான் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்கே படிப்பிக்கிறாய்?" என்று கேட்டார்.

மயூரா தன் பழைய பாடசாலையின் பெயரைச் சொன்னாள். "போன வருடம் வரைக்கும்," என்றாள். பிறகு ஹரிப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிழவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

"சொல்லாமலே நீங்கள் எழும்பினீர்களே," என்றேன்.

அவர், அடுத்த வருடம் அமர்வு தொடங்கியதும் ஆசிரியர்கள் பற்றிய பகுதியைத் தனிச் சட்டமூலமாகவே கொண்டுவரப்போவதாகச் சொன்னார். குழு விசாரணை வைப்பார்களாம், சாட்சி சொல்ல ஆட்கள் வேண்டுமாம். "நீ வருவாய்தானே?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மயூரா, "அம்மா வேண்டாம். நான் வாறன்," என்றாள். ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் என்ர படத்தைக் காட்டத் தேவையில்லை அம்மா. நானே போய் இருந்து கதைக்கிறன். நீங்கள் பின்னால கதிரையில பேசாமல் இருங்கோ. உங்களால ஏலுமோ?" என்றாள்.

ஏலும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் வந்து என் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன், உங்கள் தங்கச்சி,
விமலாதேவி